ராம்நாட்டுல பச்சப்புள்ளைக்கு சுன்னத் பண்ணப் போன க்ளினிக் – என் ரிவ்யூ

ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. ஒண்ணு ஏன் கொறஞ்சுச்சுன்னு கீழ வரும். க்ளினிக் பேரு போடல, அந்த டாக்டருக்கு விளம்பரம்னாலே ஆகாது, போர்டே சின்னதாத்தான் வெச்சிருக்காரு. ராம்நாடு டவுனுக்குள்ள, குழந்தைகள் சர்ஜன் ஒருத்தர் நடத்துற சின்ன இடம், அவ்ளோ போதும்னு நெனைக்கிறேன். இதை எழுதுறதே க்ளினிக்க விட, பச்சப்புள்ளையா இருக்கும்போதே பண்றதா வேணாமான்னு தலைய பிச்சுக்கிட்டு இருக்குற என்ன மாதிரி புது உம்மாமாருக்காகத்தான்.

நாங்க கீழக்கரை. இங்க வழக்கப்படி கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு உம்மா வீட்லதான், அதனால புள்ள பொறந்ததும் எல்லா முடிவும் எங்க வீட்டு முத்தத்துல ஒக்காந்துதான் நடந்துச்சு. மச்சான் (என் வீட்டுக்காரர்) ஷார்ஜால இருந்து லீவுல வந்திருந்தாங்க. ஏழாம் நாள் முடி எறக்கி, பேர் வெச்சு, அகீகா (புள்ளைக்காக ஆடு அறுக்குறது) குடுத்து, வந்தவங்களுக்கு தொதல் இனிப்புப் பொட்டலம் கட்டிக் குடுத்து அனுப்புன கையோட அடுத்த பேச்சு இதுதான். எங்க உம்மா சொல்றது நாப்பது கழியறதுக்குள்ள முடிச்சிடு, புள்ளைக்கு ஞாபகமே இருக்காதுன்னு. மாமி (மச்சானோட உம்மா) அடுத்த தெருவுல இருந்து வந்து அதெல்லாம் கெடையாது, அஞ்சாறு வயசுல மாப்பிள்ளை மாதிரி சோடிச்சு, பந்தல் போட்டு மார்க்கக் கல்யாணமா பண்ணணும், எங்க வீட்டு மூத்த பேரன்னு. மச்சானுக்கு லீவு முடியறதுக்குள்ள நடக்கணும், எப்படி நடந்தாலும் சரி. சென்னைல படிக்கிற என் தம்பி மட்டும், அவன் ஒடம்ப நீங்க ஏன் வெட்டுறீங்க, பெருசானதும் அவனையே கேட்டுக்கலாம்லன்னு ஒரு குண்டப் போட்டான். உம்மா ரெண்டு நாள் அவன்கிட்ட பேசல.

எனக்கு அவன் கேட்டது அபத்தமா படல. கேக்க வேண்டிய கேள்விதான். நாங்க ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு), அதுல சுன்னத் வாஜிபு, அதாவது கடமை, ஹனஃபி மத்ஹபுல அது நபிவழி, இதெல்லாம் மதரஸால படிச்சதுதான். ஆனா பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட உம்மா போய்க் கேட்டப்ப அவங்க சொன்னது எனக்குப் புதுசு. கடமையாகறது வயசுக்கு வந்ததுக்கு அப்புறம்தான், ஏழாம் நாள் பண்றது நல்லதுன்னு சொல்லியிருக்கு, புள்ள பலகீனமா இருந்தா தேறற வரைக்கும் தள்ளிப்போடணும்னும் கிதாபுல இருக்குன்னு. அதாவது அவசரப்படுத்துறது மார்க்கம் இல்ல, நாமதான். பண்ணணுமாங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல, எங்க ஊர்ல இவன் ஒருத்தன் மட்டும் இல்லாம வளர்றத என்னால நெனச்சுப் பாக்க முடியல, அத ஒளிக்காம சொல்லிடுறேன். எப்போ, யாருகிட்ட, எப்படிங்கறதுதான் எனக்கு பயம்.

மொதல்ல மச்சான் ஃப்ரெண்டு சொன்ன வேற ஒரு எடத்துக்குத்தான் போன் போட்டோம் (ராம்நாடு இல்ல, வேற ஊரு). லேசர் சுன்னத், 10 நிமிஷம், ரத்தமே வராதுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. போன எடுத்தவங்க கேட்டது ரெண்டே கேள்வி, எந்த ஊரு, என்னிக்கு வர்றீங்க. புள்ளைக்கு என்ன வயசுன்னு கூட நான்தான் சொன்னேன். லேசர்னா என்ன மிஷின்னு கேட்டதுக்கு வாங்க நேர்ல சொல்றோம்னு வெச்சுட்டாங்க. அங்க போகல, அவ்ளோதான் அந்தக் கதை.

இந்த லேசர் சமாச்சாரத்த அப்புறம் ராம்நாடு டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சாரு. லேசர்னு போட்டு நடக்குறது பல எடத்துல கரண்டுல சூடாகுற காட்டரி மிஷின்தான்மா, அதுவும் தெரிஞ்சவங்க கையில இருந்தா பரவால்ல, ஆனா இரும்பு க்ளாம்ப் போட்டு இறுக்கி வெச்சுட்டு அது மேல இந்தக் கரண்டு மிஷின வெச்சா கரண்டு க்ளாம்ப் வழியா எறங்கி உறுப்பே கருகிப் போற அபாயம் இருக்கு, அப்படிப் போன புள்ளைங்க உலகத்துல உண்டுன்னாரு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. எங்க போனாலும், என்ன கருவி, எதுல வெட்டுவீங்க, வலிக்கு என்ன குடுப்பீங்க, இந்த மூணையும் வாய் விட்டுக் கேளுங்க. சொல்ல மாட்டேங்கறவங்ககிட்ட புள்ளைய குடுக்காதீங்க.

சரி க்ளினிக்குக்கு வருவோம். கீழக்கரைல இருந்து திருப்புல்லாணி வழியா பஸ்ல போனா ரொம்ப நேரம் ஆகாது, ஆனா பச்சப்புள்ளையோட பஸ் வேணாம்னு கார் வெச்சுட்டுப் போனோம். டோக்கன் சிஸ்டம். மொத தடவை போறப்ப உம்மா, மாமி, மச்சான், நான்னு பெரிய படையா போனோம், உள்ள அவ்ளோ பேருக்கு சேரே இல்ல, மாமி நின்னுக்கிட்டேதான் பேசுனாங்க.

டாக்டர் மொதல்ல புள்ளைய தொடவே இல்ல. பிரசவம் ஆன ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரிய வாங்கிப் படிச்சாரு. பொறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டாங்களான்னு அதுல தேடுனாரு, போட்டிருந்துச்சு. அது ரத்தம் உறையறதுக்கு, பச்சப்புள்ளைங்க ஒடம்புல அது கம்மியாத்தான் இருக்குமாம். அப்புறம் என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, உங்க கூடப் பொறந்த தம்பி அண்ணன், உங்க தாய்மாமா யாருக்காவது சுன்னத் பண்ணப்பவோ பல்லு புடுங்குனப்பவோ ரத்தம் நிக்காம ஓடிச்சான்னு. மாமி ஒடனே, எங்க பக்கம் அப்படி யாரும் இல்ல டாக்டர்னு முந்திக்கிட்டாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, உங்க பக்கம் இல்லம்மா, இவங்க பக்கம்தான் கேக்கணும், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய் பெரும்பாலும் தாய் வழியா வந்து ஆம்பளப் புள்ளையத் தாக்கும், அதுல ஹீமோஃபிலியா ஏங்கற வகை மட்டுமே ஏறக்குறைய 5000 ஆம்பளப் புள்ளைல ஒண்ணுக்கு இருக்கும், சில வீட்ல அது தெரிய வர்றதே சுன்னத் அன்னிக்குத்தான்னாரு. எங்க உம்மா யோசிச்சு யோசிச்சு, அவங்க அண்ணனுக்கு அந்தக் காலத்துல நாவிதர் வந்து பண்ணி சாம்பல் வெச்சுக் கட்டுனது, ரெண்டு வாரத்துல ஓடி ஆடிட்டாரு, ஒண்ணும் இல்லைன்னாங்க. எங்க குடும்பத்துக் கதைய இவ்ளோ பொறுமையா கேட்ட டாக்டர நான் பாத்ததில்ல.

அப்புறம்தான் புள்ளைய பாத்தாரு. மூத்திரம் வர்ற ஓட்டை நுனில சரியா இருக்கான்னு பாத்தாரு. அது கீழ்ப்பக்கமா தள்ளி இருந்தா ஹைப்போஸ்பேடியாஸ்னு பேரு, அப்படி இருந்தா சுன்னத்தே பண்ணக் கூடாது, பின்னால அதச் சரி பண்ற ஆபரேஷனுக்கு அந்தத் தோலுதான் வேணும்னாரு. இது ஒண்ணு ஊர்ல எல்லாருக்கும் தெரியணும். ஃப்ரீ சுன்னத் முகாம்ல வரிசையா ஒக்கார வெச்சு பண்றப்ப இதெல்லாம் யாரு பாக்குறாங்களோ தெரியல.

கடைசில கண்ணு முழிய விரிச்சுப் பாத்து, நெஞ்சுல விரலால அழுத்திப் பாத்து, மஞ்சக் காமாலை இருக்கு, எடையும் இன்னும் ஏறணும், இப்ப பண்ண மாட்டேன்னுட்டாரு. மச்சானுக்கு மொகம் செத்துப் போச்சு. டாக்டர் எனக்கு லீவு முடியுது, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கன்னு கெஞ்சுனாங்க. அதுக்கு அவரு, உங்க லீவு முடியுதுன்னு புள்ளைக்கு மஞ்சள் எறங்காதே தம்பி, நீங்க போயிட்டு வாங்க, புள்ள எங்கயும் போகாதுன்னாரு. கன்சல்டேஷன் ஃபீஸ் 400 வாங்கிட்டு, காசு பாக்க வேண்டிய ஆபரேஷன வேணாம்னு திருப்பி அனுப்புன அந்த நிமிஷம்தான் எனக்கு இவருகிட்டதான் பண்ணணும்னு முடிவாச்சு.

மச்சான் கெளம்பிப் போனதுக்கு அப்புறம் நானும் உம்மாவும் மட்டும் போனோம், அப்பதான் என் தம்பி கேள்விய அப்படியே டாக்டர்கிட்ட கேட்டேன், பண்ணலைன்னா என்ன ஆகும்னு. மருத்துவத்துக்காக மட்டும்னா ஒண்ணும் ஆகாது, உலகத்துல பாதிக்கு மேல ஆம்பளைங்க பண்ணாமத்தான் இருக்காங்கன்னாரு பட்டுன்னு. எனக்கே ஷாக். அப்புறம் வரிசையா சொன்னாரு. பண்ணாத புள்ளைல மொத வருசத்துல ஏறக்குறைய 100ல ஒருத்தருக்கு மூத்திரத் தொற்று வரும், பண்ணா அது நல்லாவே கொறையும், ஆனா ஒரு தொற்றத் தடுக்க நூறு புள்ளைக்கு மேல பண்ணணும். எச்ஐவி விஷயம் வேற, தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டானு மூணு நாட்டுல பெரிய ஆம்பளைங்ககிட்ட ஆராய்ச்சி பண்ணி, பொம்பளைங்ககிட்ட இருந்து ஆம்பளைங்களுக்குத் தொத்துறது 60 சதவீதம் போல கொறையுதுன்னு தெரிஞ்சு 2007ல உலக சுகாதார நிறுவனம் அந்த நோய் அதிகமா இருக்குற நாடுகளுக்கு சிபாரிசு பண்ணுச்சு, அத வெச்சு ராம்நாட்டுப் பச்சப்புள்ளைக்கு அவசரம்னு சொல்ல முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012ல சொன்னது, நன்மை ஆபத்த விட அதிகம்தான், ஆனா எல்லாப் புள்ளைக்கும் கட்டாயம்னு சொல்ற அளவுக்கு இல்ல, பெத்தவங்க முடிவு பண்ணட்டும்னு. உங்களுக்கு மார்க்கக் காரணம் இருக்கு, அது உங்க முடிவு, நான் பாதுகாப்பா பண்ணித் தர்றேன், ஆனா நோய்க்காகப் பண்றேன்னு உங்கள நீங்களே ஏமாத்திக்காதீங்கன்னாரு. இப்படி ஒடச்சுப் பேசுன டாக்டர் எனக்குப் புடிச்சுது, எங்க உம்மாவுக்குத்தான் கொஞ்சம் கோவம்.

இப்பவா அஞ்சு வயசுலயாங்கறதுக்கும் தெளிவா பதில் வந்துச்சு. 2010ல பல நாட்டு ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல பச்சப்புள்ளைங்களுக்குச் சிக்கல் வர்றது 100க்கு 1.5 பக்கம், ஒரு வயசு தாண்டுன பசங்களுக்கு 6 பக்கம், பெரும்பாலும் சின்ன ரத்தக்கசிவு, வீக்கம் மாதிரி. அதோட பச்சப்புள்ளைக்கு அந்த எடத்த மட்டும் மரத்துப் போக வெச்சா போதும், பெரிய பையன்னா முழு மயக்கம் குடுக்கணும், அதுக்குத் தனி டாக்டர். ஆனா பெரிய பையனுக்கு என்ன நடக்குதுன்னு சொல்லிப் புரிய வைக்கலாம், அதுவும் ஒரு லாபம்தான்னாரு. மாமியோட பந்தலுக்கு இதுல பதில் இல்ல. மாமிகிட்ட நான் சொன்னது, அஞ்சு வயசுல குர்ஆன் ஓத ஆரம்பிக்கறப்ப பந்தல் போடுங்க மாமி, குதிரை கூட ஏத்துங்கன்னு. அரை மனசா ஒத்துக்கிட்டாங்க.

இங்க உச்சிப்புளி ஃப்ரெண்டு ஒருத்தி கதைய சொல்லியே ஆகணும். அவங்க இந்துக் குடும்பம், பையனுக்கு ரெண்டு வயசு, குளிக்க வைக்கிறப்ப தோலு பின்னால போகலைன்னு வேற எங்கயோ காட்ட, ஃபைமோசிஸ் (தோலு இறுகிப் போறது), ஒடனே வெட்டணும்னு பயமுறுத்தி விட்டுட்டாங்க. நான் இந்த டாக்டர்கிட்ட அனுப்பி வெச்சேன். அவரு பாத்துட்டு, பொறக்கறப்ப தோலு ஒட்டித்தான் இருக்கும், அதுதான் இயற்கை, வருசம் ஆக ஆக தானா பிரியும், சில பசங்களுக்கு பத்து வயசு தாண்டியும் ஆகும், மூத்திரம் நல்லா போகுது, எரிச்சல் காய்ச்சல் இல்ல, ஒண்ணும் பண்ண வேணாம், முக்கியமா இழுத்துப் பாக்காதீங்க, இழுத்தா கிழிஞ்சு தழும்பாகி அப்பதான் நெஜமான ஃபைமோசிஸ் வரும்னுட்டாராம். தேவைப்பட்டா பின்னால ஸ்டீராய்டு ஆயின்மென்ட் தடவுனாலே பல பேருக்கு சரியாகிடும்னாராம். எங்களுக்குப் பண்ணித் தர்றேன்னவரு அவளுக்கு வேணாம்னு அனுப்புறாரு, கத்தி புடிக்கிறவங்ககிட்ட நான் எதிர்பாக்குறது இதத்தான்.

பண்ணுன அன்னிக்கு கத. மஞ்சள் முழுசா எறங்கி, எடையும் ஏறுனதுக்கு அப்புறம் காலைல மொத டோக்கன். கிளம்பறதுக்கு முன்னாடி பால் குடுத்துட்டு வரச் சொன்னாங்க, வந்ததும் வேணாம்னு, வாந்தி எடுத்துடக் கூடாதுன்னு. மொதல்ல மரத்துப் போற கிரீம் தடவி காத்திருக்க வெச்சாங்க, அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போய் உறுப்போட அடிப்பக்கத்துல மெல்லிசு ஊசி போட்டாங்க. உம்மா வெளிய, பச்சப்புள்ளைக்கு வலியெல்லாம் தெரியாதுன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டிருந்தது உள்ள டாக்டர் காதுல விழுந்து, வெளிய வந்து பாடமே எடுத்தாரு. தெரியும்மா, 1997ல கனடால ஆராய்ச்சி பண்ணுனாங்க, மரக்க வைக்காம சுன்னத் பண்ணுன புள்ளைங்க நாலு மாசம் ஆறு மாசம் கழிச்சு தடுப்பூசி போடும்போது மத்த புள்ளைங்கள விட அதிகமா அழுதுச்சுங்கன்னு. உம்மா வாயே தொறக்கல.

ப்ளாஸ்டிபெல்னு ஒரு ப்ளாஸ்டிக் ரிங். தோலுக்கும் மொனைக்கும் நடுவுல ரிங்க மாட்டி, மேல நூலால இறுக்கிக் கட்டி, மிச்சத் தோல வெட்டி எடுத்துடுவாங்க, ரிங் உள்ளயே இருக்கும், ஒரு வாரம் பத்து நாள்ல தானா விழும். ரிங் சைஸ் ரெண்டு மூணு வெச்சுப் பாத்துதான் போட்டாரு, பெருசா போட்டா நழுவி கீழ எறங்கி இறுக்கிடுமாம். நான் உள்ள நிக்கல, கதவு கிட்ட நின்னேன். ஊசி போட்டப்பதான் பெரிய அழுகை, அப்புறம் சிஸ்டர் வாயில சக்கரத் தண்ணி சொட்டு வெச்சுட்டே இருந்தாங்க, முனகல்தான் கேட்டுச்சு. முடிஞ்சதும் கையில குடுத்து பால் குடுக்கச் சொன்னாங்க, குடிச்சுட்டு தூங்கிட்டான். மூத்திரம் போற வரைக்கும் வீட்டுக்கு விடல, அது நல்ல விஷயம்.

வீட்டுக்கு வந்தப்புறம் இருக்கு பாருங்க, அதுதான் கஷ்டம். ரிங் ஓரத்துல தோலு கறுத்துடுச்சு, மொனைல மஞ்சளா ஒரு படலம். சீழ்னு நெனச்சு உம்மா அலற, நான் அலற. மஞ்சப் படலம் புண்ணு ஆறுறப்ப வர்றதுதான், தொடைக்காதீங்கன்னு அவங்க குடுத்த பேப்பர்லயே இருந்துச்சு, ஆனா அந்த நேரத்துல யாரு பேப்பர் படிக்கிறா. பாக்க வேண்டியது வேற: டயப்பர்ல ரத்தம் ஒரு ரூபா காசு அளவுக்கு மேல பரவுனா, அர நாளா மூத்திரமே போகலைன்னா, காய்ச்சல் வந்தா, சிவப்பும் வீக்கமும் அடிவயித்துப் பக்கம் ஏறுனா, ரிங் பத்துப் பன்னெண்டு நாளாகியும் விழாம இருந்தா, இல்ல கீழ நழுவி இறுக்குனா ஒடனே போயிடணும். ரிங்க நீங்களா இழுக்கவே கூடாது. எங்க ஊரு குழாய்ல வர்ற உப்புத் தண்ணில கழுவாம, குடிக்க வாங்குற கேன் தண்ணிய காய்ச்சி ஆற வெச்சு ஊத்துனோம். மாமி எங்க இருந்தோ ஒரு பொடி கொண்டாந்தாங்க, வாங்கி அலமாரில வெச்சுட்டேன், போடல. ரிங் தூங்கிட்டிருக்கறப்பவே டயப்பர்ல விழுந்து கெடந்துச்சு.

இப்ப அந்த ஒரு ஸ்டார். ராத்திரி நேரத்துல கூப்பிடுங்கன்னு ஒரு நம்பர் குடுத்தாங்க, மஞ்சப் படலம் பயத்துல கூப்பிட்டா அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. காலைல கேட்டா சிஸ்டர் போன் சார்ஜ் இல்லாம போச்சாம். பச்சப்புள்ள விஷயத்துல இது ரொம்ப தப்பு, மொகத்துக்கு நேரயே சொல்லிட்டு வந்தேன். நெஜமா ரத்தம் ஓடியிருந்தா ராத்திரில நேரா ராம்நாடு பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடணும், அங்க போற வண்டி நம்பர முன்னாடியே போன்ல சேவ் பண்ணி வைங்க. அப்புறம் உக்கார எடம் பத்தாது, வெயில் காலத்துல வெளிய மரத்தடில நிக்க வேண்டி வரும், பாத்ரூம் சொல்லிக்கற மாதிரி இல்ல.

செலவு மருந்தெல்லாம் சேத்து எங்களுக்கு 9000 ஆச்சு. ஊர்ல முகாம்ல ஃப்ரீயா பண்றாங்களேன்னு சில பேரு கேட்டாங்க. முகாமுக்கு நல்ல சர்ஜன் வந்தா நல்லதுதான், ஆனா அது ஸ்கூல் லீவுல பெரிய பசங்களுக்கு, பச்சப்புள்ளைய அங்க தூக்கிட்டுப் போகாதீங்க.

என் நாத்தனாருக்கு இப்ப ஏழு மாசம், ஸ்கேன்ல என்ன புள்ளைன்னு சொல்ல மாட்டாங்க, ஆனா இப்பவே அவ கேக்கறா. நான் சொன்னது, ஆம்பளப் புள்ள பொறந்தா டிஸ்சார்ஜ் சம்மரிய பத்திரமா வை, உன் பொறந்த வீட்டு ஆம்பளைங்க ரத்தக் கதைய இப்பவே மாமிகிட்ட கேட்டு வை, தேதி குறிக்காம டாக்டர போய்ப் பாரு. அப்புறம் அங்க கார்டு வாங்க மாட்டாங்க, ஜிபே இல்ல கேஷ்தான், செவ்வாக்கிழமை டாக்டர் கெடையாது.